பழைய ஆய்வகச் சிந்தசைசர்கள்: வாங்குவது, உயிர்ப்பிப்பது, வேலை வாங்குவது

முன்பலகையில் பத்து வரிசைப் பொத்தான்கள், பெரும்பாலான வரிசைகளில் பூஜ்யம் முதல் ஒன்பது வரை. 12,345,678.90 ஹெர்ட்ஸ் வேண்டுமா, வரிசைக்கு ஒன்றாகப் பத்துப் பொத்தான்களை அழுத்துங்கள். அந்த அதிர்வெண் அப்படியே கிடைக்கும். அமெரிக்காவின் ஹியூலட்-பேக்கர்ட் (இனி எச்பி) 1964இல் தன் தொழில்நுட்ப இதழில் விவரித்த 5100ஏ என்ற கருவி அது. 0.01 ஹெர்ட்ஸிலிருந்து 50 மெகாஹெர்ட்ஸ் வரை, 0.01 ஹெர்ட்ஸ் படிகளில் போகும். உள்ளே மைக்ரோபிராசஸர் இல்லை, மென்பொருள் இல்லை. டிரான்சிஸ்டர்களும் ஃபில்டர்களும் சேர்ந்து செய்யும் கூட்டலும் வகுத்தலும்தான். இப்படி ஒரே ஒரு துல்லியமான அதிர்வெண்ணிலிருந்து வேண்டிய எந்த அதிர்வெண்ணையும் கணக்குப் போட்டு உண்டாக்கும் கருவிக்கு ஃப்ரீக்வென்சி சிந்தசைசர் என்று பெயர். பாட்டு வாசிக்கும் சிந்தசைசரைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும்.

அன்று பெரிய ஆய்வகங்களும் ராணுவமும் மட்டும் வாங்க முடிந்த இந்தக் கருவிகள் இன்று பழைய சாமான் விலையில் கைமாறுகின்றன. மலிவான டிடிஎஸ் மாட்யூல் (எண்களிலிருந்து அலையை உண்டாக்கும் சின்னப் பலகை) ஒன்று இதே வேலையைச் செய்யாதா என்று கேட்பீர்கள். பாதி வேலையைச் செய்யும். ஆனால் அதன் அவுட்புட் பலவீனமானது. விரும்பாத சிறு அதிர்வெண்கள் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அளவைக் கூட்டிக் குறைக்க நீங்களே ஆம்ப்ளிஃபையரும் அட்டெனுவேட்டரும் கட்ட வேண்டும். பழைய ஆய்வகக் கருவியில் இவையெல்லாம் ஏற்கெனவே உள்ளன. அதைவிட முக்கியம், மூடியைத் திறந்தால் அதிர்வெண் எப்படிப் பிறக்கிறது என்று ஒவ்வொரு படியாக ஆஸிலோஸ்கோப்பில் (அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்) பார்க்கலாம். அதனால்தான் புதிதாக வருபவர்களுக்கு முதலில் சொல்வது: பிராண்ட் பார்த்துச் சேர்க்காதீர்கள், கருவி எந்த முறையில் கணக்குப் போடுகிறது என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: முறைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதல் முறை நேரடிச் சிந்தசிஸ். இதற்கு 5100ஏ-வின் ஒரு இலக்க மாட்யூலே நல்ல பாடம். முந்தைய மாட்யூலிலிருந்து 3 மெகாஹெர்ட்ஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதோடு 24 மெகாஹெர்ட்ஸை மிக்ஸரில் (இரண்டு அதிர்வெண்களின் கூட்டலையும் கழித்தலையும் தரும் சுற்று) கலந்து ஃபில்டரில் வடித்தால் 27. அடுத்த மிக்ஸரில், நீங்கள் அழுத்திய பொத்தானுக்கேற்ப 3.0, 3.1 என்று 3.9 வரையுள்ள அதிர்வெண்களில் ஒன்று வந்து சேர்கிறது. பொத்தான் 7 என்றால் 27 + 3.7 = 30.7. அதைப் பத்தால் வகுத்தால் 3.07. இந்த 3.07 அடுத்த மாட்யூலுக்குள் போகிறது. அங்கே நீங்கள் 4 அழுத்தியிருந்தால் 24 + 3.07 + 3.4 = 30.47. மறுபடி பத்தால் வகுத்தால் 3.047.

கவனித்தீர்களா, 4, 7 என்ற இரண்டு இலக்கங்களும் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. வலக்கோடி இலக்கம் முதலில் உள்ளே போய், ஒவ்வொரு மாட்யூலைத் தாண்டும்போதும் ஓரிடம் வலப்பக்கம் நகர்கிறது. ஒரே மாதிரியான மாட்யூல்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே போனால் எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் கிடைக்கும். இன்னொரு லாபமும் உண்டு. பத்தால் வகுக்கும் ஒவ்வொரு முறையும், உள்ளே வந்த இரைச்சலும் கலப்படமும் 20 டெசிபல் இறங்குகின்றன. நேரடிச் சிந்தசைசர்களின் சுத்தத்துக்குப் பெரும்பங்கு இந்த வகுத்தல்தான். ஓர் அதிர்வெண்ணிலிருந்து இன்னொன்றுக்கு மைக்ரோவினாடிகளில் தாவுவதும் இந்த முறையின் தனித்திறன். விலையும் எடையும்தான் அன்று இடித்தன, ஏனென்றால் எங்கே பார்த்தாலும் ஃபில்டர்.

மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஜெனரல் ரேடியோவின் 1160 வரிசை இதே காலத்துக் கருவி. இலக்க மாட்யூல்களைக் கழற்றி மாட்டலாம். அதே மாநிலத்தில் எழுபதுகளில் தொடங்கிய புரோகிராம்டு டெஸ்ட் சோர்சஸ் (எல்லோரும் பிடிஎஸ் என்பார்கள்) நேரடி முறையைச் சிறு பெட்டிக்குள் அடக்கியது. என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவிகள் பலவற்றின் உள்ளே இருந்தது பிடிஎஸ் பெட்டிதான்.

இரண்டாவது முறை ஃபேஸ் லாக் வளையம், அதாவது பிஎல்எல். இழுத்த இழுப்புக்கு வரும் ஓர் ஆஸிலேட்டரை (அலையை உண்டாக்கும் சுற்று) வைத்து, அதன் அதிர்வெண்ணை ஒரு முழு எண்ணால் வகுத்து, ரெஃபரன்ஸோடு, அதாவது அளவுகோலாக வைத்திருக்கும் துல்லியமான அதிர்வெண்ணோடு, ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் ஆஸிலேட்டரைத் திருத்துவது. எளிமையானது, மலிவானது. ஆனால் படி சிறிதாக வேண்டுமென்றால் வளையம் மெதுவாகிவிடும். இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்ததுதான் பின்ன வகுத்தல். ஒன்பது முறை 100 ஆலும் ஒரு முறை 101 ஆலும் வகுத்தால் சராசரி 100.1 ஆகிவிடுகிறது அல்லவா, அந்த யோசனை. வகுக்கும் எண் மாறி மாறி வருவதால் எழும் ஆட்டத்தை அனலாக் முறையில் கழித்துவிடுவார்கள். எச்பி 3325ஏ (1978) இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். அதன் ஆஸிலேட்டர் 30 முதல் 51 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். அதிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸைக் கழித்தால் பூஜ்யத்திலிருந்து 21 மெகாஹெர்ட்ஸ் வரை சைன் அலை.

மூன்றாவது டிடிஎஸ். டியர்னி, ரேடர், கோல்ட் என்ற மூவர் 1971இல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்த, சைன் அட்டவணையை எண்களாக வாசித்து அலையாக்கும் முறை. இதைப் பற்றி நீட்டத் தேவையில்லை. இன்றைய மலிவு மாட்யூல்கள் எல்லாம் இதுதான்.

படி 2: முதல் கருவியைத் தேர்ந்தெடுங்கள்

என் சிபாரிசு எச்பி 3325ஏ. 1 மைக்ரோஹெர்ட்ஸ் முதல் கிட்டத்தட்ட 21 மெகாஹெர்ட்ஸ் வரை சைன், 11 மெகாஹெர்ட்ஸ் வரை சதுர அலை, 11 கிலோஹெர்ட்ஸ் வரை முக்கோணமும் ரம்பப்பல்லும். 50 ஓமில் 10 வோல்ட் உச்சி-உச்சி வரை அவுட்புட். ஒரு ஆள் தூக்கக்கூடிய எடை. நிறைய விற்பனையானதால் உதிரிக்கு இன்னொரு செத்த கருவி கிடைப்பதும் எளிது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் சர்வீஸ் மேனுவலில் ஒவ்வொரு போர்டின் சர்க்யூட்டும் பாகங்களின் பட்டியலும் சரிசெய்யும் முறையும் முழுதாக இருக்கின்றன. 1 மைக்ரோஹெர்ட்ஸ் வைத்தால் ஓர் அலை முடியப் பத்து லட்சம் வினாடி, அதாவது பதினொன்றரை நாளுக்குச் சற்றுக் கூடுதல். யாருக்கும் பயன்படாத வசதிதான், ஆனாலும் இருக்கட்டுமே.

நேரடி முறையே வேண்டும் என்பவர்கள் பிடிஎஸ் தேடலாம். மாடல் எண்ணே உச்ச மெகாஹெர்ட்ஸ்: 040 என்றால் 40, 160 என்றால் 160, 250, 310, 500 அப்படியே. இங்கே மூன்று விஷயங்களை விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டும். ஒன்று, முன்பலகையில் ஸ்விட்ச்சுகள் இருக்கின்றனவா. பெரிய கருவிகளுக்குள் இருந்து கழற்றப்பட்டவற்றில் முன்பக்கம் வெறும் தகடுதான், பின்னாலுள்ள 50 முனைக் கனெக்டர் வழியாகத்தான் ஓட்ட வேண்டும். அது பெரிய தடையில்லை, ஒவ்வோர் இலக்கத்துக்கும் நான்கு கம்பி என்ற பழைய பிசிடி முறைதான், ஓர் ஆர்டுயினோ (சிறு கட்டுப்பாட்டுப் பலகை) போதும். இரண்டு, உள்ளே சொந்த ரெஃபரன்ஸ் இருக்கிறதா அல்லது வெளியிலிருந்து கொடுத்தால்தான் ஓடுமா. மூன்று, எத்தனை இலக்கம் பொருத்தப்பட்டிருக்கிறது, 0.1 ஹெர்ட்ஸ் படி வரை எல்லாப் பெட்டியிலும் இருக்காது.

முதல் கருவியாக வேண்டாம் என்று நான் சொல்பவை மூன்று. 5100ஏ அழகானது, ஆனால் அது ஜோடியில் பாதிதான். நிலையான அதிர்வெண்களை உண்டாக்கித் தரும் 5110ஏ என்ற இன்னொரு பெட்டி இல்லாமல் அது ஓடாது. தனியாக விற்பனைக்கு வரும் 5100ஏ அலமாரியை அலங்கரிக்க மட்டுமே உதவும். 1971இல் வந்த 8660 குடும்பத்திலும் இதே தொல்லை உண்டு. அடிப்பெட்டி, ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) செருகுபெட்டி, மாடுலேஷன் செருகுபெட்டி மூன்றும் வேண்டும். 86602, 86603 வகைச் செருகுபெட்டிகளுக்கு அடிப்பெட்டிக்குள் 11661 என்ற இன்னொரு மாட்யூலும் வேண்டும். விற்பவரிடம் அது இருக்கிறதா என்று கேட்டால் பாதிப் பேருக்குக் கேள்வியே புரியாது. 8662ஏ மிகச் சுத்தமான சமிக்ஞை தரும் கருவி, ஆனால் பழுதானால் அனுபவசாலிகளுக்கே தலைவலி.

எச்பி 8640பி-யும் உங்கள் கண்ணில் அடிக்கடி படும். அது சிந்தசைசர் அல்ல. கேவிட்டி ஆஸிலேட்டரைக் கையால் திருப்பி வைத்து, வேண்டுமானால் உள்ளிருக்கும் கவுன்டரோடு (அதிர்வெண்ணை எண்ணிக் காட்டும் பகுதி) பூட்டுவது. நல்ல கருவிதான், ஆனால் அதன் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் வெடித்துப்போவது ஊரறிந்த விஷயம்.

படி 3: எங்கே, எப்படி வாங்குவது

இந்தப் பொழுதுபோக்கின் தாய்வீடு அமெரிக்காவும் ஜெர்மனியும்தான். ஒஹையோவில் ஆண்டுதோறும் நடக்கும் டேட்டன் ஹாம்வென்ஷன், ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் நடக்கும் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) கண்காட்சி, மாசசூசெட்ஸில் எம்ஐடி வளாகத்துப் பழம்பொருள் சந்தை ஆகியவை புகழ்பெற்ற இடங்கள். அந்தப் பக்கம் வசிக்கும் நம்மவர்களுக்கு யோகம். கருவியைக் கையால் தொட்டுப் பார்த்து, மின்சாரம் கொடுத்துப் பார்த்து வாங்கலாம். மற்றவர்களுக்கு ஈபே.

இந்தியாவுக்கு வரவழைக்கும்போது கப்பல் கூலியும் சுங்க வரியும் கருவியின் விலையைத் தாண்டிவிடும். அதனால் எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உள்நாட்டில் அரசு நிறுவனங்கள் கழித்துக்கட்டும் பொருள்கள் எம்எஸ்டிசி என்ற அரசு ஏல நிறுவனத்தின் மின்னேலத்தில் வருகின்றன. ஆனால் அங்கே தனிக் கருவியாகக் கிடைக்காது. மொத்தக் குவியலாக எடுக்கும் பழைய இரும்பு வியாபாரியோடு பழக்கம் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

விளம்பரத்தை வாசிக்கவும் பழக வேண்டும். ‘பவர் ஆன் ஆகிறது’ என்றால் விளக்கு எரிகிறது, அவ்வளவுதான். ‘சோதிக்க வசதியில்லை’ என்றால் பெரும்பாலும் சோதித்துப் பார்த்துத் தோற்றது. கேட்க வேண்டிய படங்கள் இரண்டு: டிஸ்ப்ளேயில் ஓர் எண்ணோடு அவுட்புட் ஸ்கோப்பில் தெரியும் படம் ஒன்று, பின்பலகையின் தெளிவான படம் ஒன்று. 3325ஏ-வுக்குப் பின்பலகைப் படம் ரொம்ப முக்கியம். ஆப்ஷன் 001 என்ற சூடேற்றிய ரெஃபரன்ஸ் பொருத்தியிருந்தால், பின்னால் ‘ஓவன் அவுட்புட்’ (OVEN OUTPUT) என்ற பிஎன்சி முனைக்கும் (கேபிள் மாட்டும் வட்ட முனை) வெளி ரெஃபரன்ஸ் உள்ளீட்டு முனைக்கும் நடுவே ஒரு சிறு இணைப்பு மாட்டியிருக்கும். அந்த இணைப்புத் துண்டு தொலைந்துபோன கருவிகள் ஏராளம். அது இல்லாவிட்டால் கருவி பேசாமல் தன் சாதாரணக் கிரிஸ்டலில் ஓடிக்கொண்டிருக்கும். ஆப்ஷனுக்குக் கொடுத்த காசு வீண். ஒரு சாண் கேபிள் போட்டால் சரியாகிவிடும் என்பதால் விலை பேசவும் இது உதவும்.

படி 4: வந்ததும் பிளக்கில் சொருகாதீர்கள்

முதல் வேலை மூடியைத் திறப்பது. பயணத்தில் போர்டுகள் ஸ்லாட்டை விட்டு எழும்பியிருக்கும், உள்கேபிள்களின் சின்னத் திருகுக் கனெக்டர்கள் தளர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் மேனுவலோடு ஒப்பிட்டு அழுத்துங்கள், முறுக்குங்கள். போர்டு விளிம்பிலுள்ள தங்க முலாம் முனைகளை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ரப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள், முலாம் போய்விடும். ‘இது ஓடவில்லை’ என்று விற்கப்பட்ட கருவிகள் இந்த ஒரு வேலையிலேயே எழுந்து உட்கார்வது உண்டு.

அடுத்து மின்னழுத்தம். அமெரிக்கக் கருவி 120 வோல்ட்டில் வைத்து வரும். சில எச்பி கருவிகளில் ஃப்யூஸ் அறைக்குள் ஒரு சிறு அட்டை இருக்கும். அதைத் திருப்பிச் செருகினால் 100, 120, 220, 240 என்று மாறும். வேறு சிலவற்றில் ஸ்லைடு ஸ்விட்ச். நம் ஊர் 230 வோல்ட்டுக்கு 240ஐத் தேர்ந்தெடுங்கள். 220க்கு எச்பி அனுமதித்த உச்சம் 5 சதவீதம் கூடுதல், அதாவது 231 வோல்ட்தான். மதியம் 245 வரும் தெருவில் அது போதாது. ஃப்யூஸையும் மாற்ற மறக்காதீர்கள், 240க்கு உரிய ஆம்பியர் 120க்கு உரியதில் ஏறத்தாழப் பாதி. மூன்றாவது முனையான எர்த் சரியாக இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள்.

பவர் உள்ளே நுழையும் இடத்தில் தேன் நிற எபாக்ஸிக்குள் அடைத்த ரிஃபா காகிதக் கெபாசிட்டர் இருந்தால், மேற்பரப்பில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று பாருங்கள். ஈரம் உள்ளே போய் ஒருநாள் அது வெடித்து, வீடு முழுக்க நாற்றம் பிடித்த புகை கிளப்பும். விரிசல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எக்ஸ்2 வகைப் புதிய கெபாசிட்டர் வாங்கி மாற்றிவிடுங்கள். சென்னையில் ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய் வேலை அது. முத்துப் போலிருக்கும் டான்டலம் கெபாசிட்டர்கள் ஷார்ட் ஆவதும் வழக்கம். ஆனால் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றும் ஆவேசம் வேண்டாம். மாற்றுகிறேன் பேர்வழி என்று போர்டின் தடங்களைப் பிய்த்தவர்கள்தான் அதிகம். கெட்டதை மட்டும் மாற்றுங்கள்.

பிறகு டிவி மெக்கானிக்குகளின் பழைய ஆயுதம், சீரிஸ் லாம்ப். 100 வாட் குண்டு பல்பைத் தொடராக மாட்டி மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒருகணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். இது பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பவர் சப்ளைக்குப் பொருந்தும்; ஸ்விட்சிங் சப்ளையை இப்படியோ வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து மெல்ல ஏற்றியோ சோதிக்கக்கூடாது, குறைந்த வோல்ட்டில் அது அதிகக் கரன்ட் இழுத்துத் தன்னையே கெடுத்துக்கொள்ளும்.

இரண்டு எச்சரிக்கைகள். எச்பி கருவிகளில் ஸ்டாண்ட்பை என்பது ஆஃப் அல்ல. உள்ளே டிரான்ஸ்ஃபார்மருக்கும் ரெஃபரன்ஸுக்கும் மின்சாரம் போய்க்கொண்டேயிருக்கும். கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்குங்கள், பெரிய கெபாசிட்டர்கள் இறங்கிவிட்டனவா என்று அளந்து பாருங்கள். ஆர்எஃப் பவர் டிரான்சிஸ்டர்களில் தெரியும் வெள்ளைப் பீங்கான் பெரிலியம் ஆக்ஸைடாக இருக்கலாம். உடைக்காதீர்கள், ராவாதீர்கள்; அதன் தூள் நுரையீரலுக்கு விஷம்.

மின்சாரம் ஏறிய பிறகு முதலில் அளக்க வேண்டியது அவுட்புட் அல்ல, பவர் சப்ளையின் ஒவ்வொரு வோல்ட்டும் அதன் ரிப்பிளும் (அதில் மிஞ்சும் சிற்றலை). மேனுவலில் சோதனை முனைகளின் எண்கள் இருக்கும். நான் கேள்விப்பட்ட பழுதுகளில் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடுகிறது.

படி 5: ரெஃபரன்ஸைச் சரிபாருங்கள்

சிந்தசைசர் தானாக எதையும் உண்டாக்குவதில்லை. உள்ளே வரும் 10 மெகாஹெர்ட்ஸ் எவ்வளவு துல்லியமோ வெளியே போவதும் அவ்வளவே. பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறும் ரெஃபரன்ஸை வைத்துக்கொண்டு பதினோரு இலக்கம் காட்டும் டிஸ்ப்ளேயை நம்புவதில் அர்த்தமில்லை. அதனால் என் கணக்கில் பாதிக் கருவி ரெஃபரன்ஸ்தான், அதற்குத் தனியாகக் காசு ஒதுக்குங்கள்.

மூன்று வழிகள் உண்டு. எச்பி 10811ஏ போன்ற சூடேற்றிய கிரிஸ்டல் ஆஸிலேட்டர் நாளொன்றுக்கு ஆயிரம் கோடியில் ஐந்து பங்குக்குள்ளேயே நகரும், ஆனால் அதற்கு முன் ஒரு முழுநாள் சூடாகி அடங்க வேண்டும். டெலிபோன் கம்பெனிகள் கழித்த எல்பிஆர்ஓ-101 போன்ற ரூபிடியம் பெட்டிகள் இன்னும் நிலையானவை. அவற்றுக்கு 24 வோல்ட்டும் நல்ல ஹீட்சிங்க்கும் வேண்டும். உள்ளிருக்கும் விளக்கின் ஆயுளைக் காட்டும் வோல்ட் முனையை அளந்த பிறகே வாங்குங்கள். மூன்றாவது, ட்ரிம்பிள் தண்டர்போல்ட் போன்ற ஜிபிஎஸ் வழிநடத்தும் ஆஸிலேட்டர். மொட்டைமாடியில் ஆன்டெனா வைக்க இடம் இருந்தால் இதுவே மிகச் சிறந்தது; வருடக்கணக்கில் தானே தன்னைத் திருத்திக்கொள்ளும்.

உங்கள் கருவியின் ரெஃபரன்ஸ் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அறியக் கவுன்டர்கூட வேண்டாம். ஜிபிஎஸ் 10 மெகாஹெர்ட்ஸை ஸ்கோப்பின் முதல் சேனலில் கொடுத்து, அதிலேயே டிரிக்கர் செய்யுங்கள். உங்கள் ரெஃபரன்ஸை இரண்டாவது சேனலில் கொடுங்கள். முதல் அலை அசையாமல் நிற்கும், இரண்டாவது மெல்ல நகரும். ஒரு முழு அலை நகர்ந்து முடியப் பத்து வினாடி ஆனால் விலகல் 0.1 ஹெர்ட்ஸ், அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. நூறு வினாடி ஆனால் நூறு கோடியில் ஒரு பங்கு. ஆஸிலேட்டரின் திருகைத் தொட்டுத் திருப்ப வேண்டியது, நகர்வு ஏறக்குறைய நிற்கும்வரை காத்திருக்க வேண்டியது. எந்தப் பக்கம் திருப்பினால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணெதிரே தெரிவதில் ஒரு சுகம் உண்டு.

படி 6: ஒவ்வொரு இலக்கமாக நடந்து பாருங்கள்

கவுன்டர் வைத்திருந்தால் அதற்கும் அதே ரெஃபரன்ஸைக் கொடுங்கள். இல்லையென்றால் கடைசி இலக்கங்கள் ஆடும்போது தவறு சிந்தசைசருடையதா கவுன்டருடையதா என்று தெரியாமல் விழிப்பீர்கள்.

அவுட்புட்டில் 50 ஓம் டெர்மினேட்டர் (முனையில் மாட்டும் மின்தடை) இல்லாமல் ஸ்கோப்பில் பார்த்தால் அளவு இரட்டிப்பாகத் தெரியும், கருவி கெட்டுவிட்டதென்று பதற வேண்டாம். 50 ஓமில் 0 டிபிஎம் (1 மில்லிவாட்) என்றால் 0.63 வோல்ட் உச்சி-உச்சி, டெர்மினேட்டர் இல்லையென்றால் 1.26. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டாலே போதும்.

இனி ஒவ்வொரு வரிசையிலும் 0 முதல் 9 வரை அழுத்திக் கவுன்டரில் சரிபாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் நேரடிச் சிந்தசைசரில் பழுதின் இடத்தை இதுவே காட்டிக்கொடுக்கும். எந்த வரிசையிலும் 7 மட்டும் வேலை செய்யவில்லை என்றால் மாட்யூல்களைக் குற்றம் சொல்லாதீர்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக வரும் 3.7 மெகாஹெர்ட்ஸ் வரவில்லை என்று பொருள், தேட வேண்டியது அதை உண்டாக்கும் இடத்தில். மாறாக ஒரே ஒரு வரிசையில் பத்து எண்ணும் வேலை செய்யவில்லை என்றால் அந்த வரிசையின் மாட்யூல்தான் பழுது. மாட்யூல்கள் ஒரே மாதிரி என்பதால் பக்கத்து மாட்யூலோடு இடம் மாற்றிப் போடுங்கள். பழுதும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி உறுதி. அப்படியே நின்றால் ஸ்விட்ச்சையும் கம்பியையும் பாருங்கள். பழைய பொத்தான்களில் அழுக்கேறிய தொடுமுனைகளே பெரும்பாலும் காரணம், கடற்கரை ஊர்களில் சொல்லவே வேண்டாம். தெரிந்த நல்ல மாட்யூல் ஒன்று பக்கத்திலேயே இருப்பதுபோல் வசதி வேறெந்த ஆய்வகக் கருவியிலும் இல்லை.

பின்ன வகுத்தல் கருவியில் இந்தத் தர்க்கம் செல்லாது. அங்கே வளையம் பூட்டியிருக்கிறதா இல்லையா என்பதே முதல் கேள்வி. அதிர்வெண் எங்கோ ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு அசையாவிட்டால் வளையம் பூட்டவில்லை; மேனுவல் சொல்லும் வரிசையில் வளையத்தை வெட்டிப் பகுதி பகுதியாகச் சோதிக்க வேண்டும்.

படி 7: வேலை வாங்குங்கள்

முதல் விளையாட்டுக்கு இரண்டு சிந்தசைசர்கள் வேண்டும், அல்லது ஒன்றும் அதன் ரெஃபரன்ஸில் ஓடும் இன்னொரு ஜெனரேட்டரும். இரண்டுக்கும் ஒரே 10 மெகாஹெர்ட்ஸ் கொடுத்து, ஒன்றில் 1,000,000.00 ஹெர்ட்ஸ், மற்றதில் 1,000,000.01 ஹெர்ட்ஸ் வையுங்கள். ஸ்கோப்பை எக்ஸ்-ஒய்யில் (ஒன்று கிடையாகவும் மற்றது செங்குத்தாகவும் வரையும் முறை) போடுங்கள். சாய்ந்த கோடு மெல்ல விரிந்து நீள்வட்டமாகி, வட்டமாகி, எதிர்ப்பக்கம் சாய்ந்து மறுபடி கோடாகும். ஒரு முழுச் சுற்றுக்கு நூறு வினாடி. கடிகாரம் வைத்துச் சரிபாருங்கள். இப்போது ஒன்றின் ரெஃபரன்ஸ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். சுற்று வேகம் மாறும், நிலைகொள்ளாமல் அலையும். ரெஃபரன்ஸ் பற்றி மேலே எழுதியதெல்லாம் இந்த ஒரு திரையில் தெரிந்துவிடும்.

ஹாம் ரேடியோக்காரர்களுக்கு உண்மையான பயன் கிரிஸ்டல் ஃபில்டரில். ஒரே எண் அச்சிட்ட பத்து 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்களை வாங்கினால் ஒவ்வொன்றும் சில நூறு ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். அவற்றை அளந்து பொருத்தமானவற்றைப் பிரிக்க, ஹெர்ட்ஸுக்குக் கீழே நகரும் நிலையான மூலம் இல்லாமல் முடியாது. 3325ஏ-வில் ஓர் இலக்கத்தைத் தேர்ந்தெடுத்து அம்புக்குறிப் பொத்தானால் கூட்டிக்கொண்டே போய், கிரிஸ்டல் வழியாக வரும் வோல்ட் உச்சம் தொடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதையே கணினி செய்ய வேண்டுமென்றால் பின்னால் எச்பி-ஐபி கனெக்டர் இருக்கிறது. எச்பியின் இந்த முறைதான் 1975இல் ஐஇஇஇ-488 என்ற பொதுத் தரமாகி, ஜிபிஐபி என்று பெயர் பெற்றது. யுஎஸ்பி மாற்றியை வாங்கலாம், ஆர்டுயினோவில் நாமே கட்டவும் செய்யலாம். கட்டளைகள் எளிது: அதிர்வெண்ணுக்கு இரண்டெழுத்து, பிறகு எண், பிறகு அலகுக்கு இரண்டெழுத்து. பத்து வரிப் பைத்தானில் ஃபில்டரின் வளைவை வரைந்துவிடலாம்.

ரிசீவரின் உணர்திறனை அளக்க 3325ஏ உதவாது. அதன் குறைந்தபட்ச அவுட்புட்டே 1 மில்லிவோல்ட், ரிசீவருக்கு வேண்டியது மைக்ரோவோல்ட்டின் பின்னங்கள். வெளியே அட்டெனுவேட்டர் போடலாம், ஆனால் கேபிள் கசிவு ஏமாற்றும். அதற்கு எண்பதுகளின் எச்பி 8656 போன்ற சமிக்ஞை ஜெனரேட்டர் சரி. எதுவானாலும், டிரான்ஸ்சீவரை (அனுப்பவும் வாங்கவும் செய்யும் ரேடியோ) அளக்கும்போது மைக் பொத்தானில் கை பட்டு, ரேடியோவின் நூறு வாட் சிந்தசைசரின் அவுட்புட்டுக்குள் திரும்பிப் பாய்ந்தால் அட்டெனுவேட்டர் கருகிவிடும். மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு அளப்பதே வழக்கமாகட்டும். சிந்தசைசரை நேராக ஆன்டெனாவில் மாட்டவும் வேண்டாம். அது ஒலிபரப்பு, உரிமம் இல்லாமல் செய்யக்கூடாது.

இரண்டாவது கருவி

முதல் கருவி பின்ன வகுத்தல் என்றால், இரண்டாவது நேரடி முறையாக இருக்கட்டும். அதே எச்பியில் சற்றே புதிய மாடலை வாங்கினால் இலக்கங்கள் கூடும், கற்றுக்கொள்ள ஏதும் கூடாது. ஒரு பிடிஎஸ்-ஸும் 3325ஏ-வும் ஒரே ஜிபிஎஸ் ரெஃபரன்ஸில் அடுத்தடுத்து நின்றால், இரண்டையும் 10 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுத் தள்ளி வைத்து ஸ்பெக்ட்ரம் அனலைசரில் (அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி) பாருங்கள். எந்த முறை எங்கே அழுக்கு விடுகிறது என்று படமாகவே தெரியும். ரேக்கில் அடுக்கும்போது இரண்டுக்கும் நடுவே ஓர் அங்குலமும் பின்னால் ஒரு கையளவு இடமும் விடுங்கள், காற்று போகவும் பிஎன்சி கேபிள்கள் மடங்காமல் இருக்கவும். ஃபேன் வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள். ரெஃபரன்ஸை மட்டும் அணைக்காமல் ஓடவிடுங்கள், மின்கட்டணத்தில் அது பெரிதாகத் தெரியாது.